சைன் வேவ் என்று நீ சொன்னது

அன்பு மகள் காவியாவுக்கு அப்பா எழுதுவது. எனக்குச் சர்க்கரை ஏறி இறங்குவது தவிர வேறொன்றும் இல்லை, அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். பத்து மாதமாக நீ போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. பேசினால் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன். எனக்கு ஜூனியர் கிருஷ்ணப்பன் தலைமையாசிரியர் ஆகிவிட்டான், வாழ்த்தப் போகவில்லை. கிணற்றுத் தகராறில் உன் சித்தப்பனோடு இன்னும் பேச்சில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த அப்பாதான்.

அம்மாவுக்கு நீ அனுப்பிய ஆக்சிஜன் மெஷினைப் பக்கத்துத் தெரு மாது தன் தாயாருக்குக் கேட்டான். பழுதான சாமான், தூக்கிக்கொண்டு போ என்றேன். செவ்வாயன்று பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாளைப் பார்க்கப் போனால் மெஷின் இன்வெர்ட்டரில் சத்தமில்லாமல் ஓடுகிறது. "உங்க பாப்பா அனுப்புனது நல்ல மெஷினுங்க சார், ஒரு முனகல் இல்லீங்க" என்றான் மாது. அவன் வீட்டில் இருப்பது சைன் வேவ் இன்வெர்ட்டர்.

அதைத்தான் வாங்கச் சொல்லி நீ இரண்டு தடவை போனில் சொன்னாய். இருபத்தாறு வருடம் சைன் வளைவைக் கரும்பலகையில் வரைந்தவனுக்கு மகள் பாடம் நடத்துகிறாளா என்று எனக்குக் கோபம். நான் வேறொன்றைக் கையில் எடுத்ததைப் பார்த்துக் கடைக்கார மாரப்பனும், "இது லைட்டு, ஃபேனுக்குத்தாங்க சார், அந்த மெஷினுக்கு ஆகாதுங்க" என்றான். பெட்டி மேல் பெயர் போட்டு விற்கும் வித்தையை என்னிடம் காட்டாதே என்று அவன் வாயை அடைத்துவிட்டு, அந்தச் சதுர அலை இன்வெர்ட்டரையே எடுத்து வந்தேன். பூஜ்யத்தில் தொடங்கி மெல்ல உச்சிக்கு ஏறி, அதேபோல மெல்ல இறங்கி, பூஜ்யத்துக்குக் கீழே அதே ஆழம் போய்த் திரும்புவது சைன் வளைவு. லைனில் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை அப்படித்தான் வந்து போகிறது, மெஷினின் மோட்டார் அதற்கென்றே செய்தது. நான் வாங்கியது தடாலென்று ஏறி, தடாலென்று விழும். வரையத் தெரிந்த எனக்கு அது எதற்கு என்று தெரியவில்லை.

போன வருஷம் கரண்ட் போன அன்று, நம் வீட்டில் அந்த இன்வெர்ட்டரில் மெஷின் உறுமிச் சூடேறி நின்றது. ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மா மூச்சுக்குத் தவித்தாள், ஐந்தாம் நாள் போய்விட்டாள். அதனால் அல்ல, நுரையீரல் முடிந்துவிட்டது என்றார் டாக்டர். நம்புவதா என்று தெரியவில்லை. ஆனால் காரியத்தன்று பந்தியில், மகள் அனுப்பிய மட்டமான மெஷின் என்று எல்லார் முன்னாலும் சொன்னேனே, அது பொய். நீ பாதி இலையில் எழுந்து போனாய்.

கார்த்திகையில் வருஷத் திதி. நீ வந்தாலும் வராவிட்டாலும் அதே பந்தியில் உண்மையைச் சொல்வேன். சித்தப்பனையும் ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறேன், அவனும் அன்று கேட்டவன்.

ஆம்புலன்ஸில் அம்மா கேட்டாள், "பாப்பா சொன்னதைத்தான வாங்குனீங்க?" ஆமாம் என்றேன்.

நீங்கள் இருவரும் குறைவின்றி வாழ வேண்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. தேதியை மட்டும் மறக்காதே.

உன் அப்பா,
சந்திரமோகன்