பாறை நகர்த்துபவர் கவனத்துக்கு

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வீட்டுக்காரருக்கு,

நேற்றிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்புமுன் இதை எழுதிவைக்கிறாள்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடவும்.

உங்கள் அக்கா சாயங்காலம் வருகிறார். அவர் படுக்க ஹாலில் இடம் வேண்டும், பீரோவை உள் அறைக்குத் தள்ளுங்கள் என்று நேற்று உங்கள் வீட்டுக்காரியும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தாள். "இடுப்பு வலிக்குதும்மா" என்றீர்கள். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டில் மலையத்தனை சிறுகோளை ராக்கெட்டால் தள்ளிக்கொண்டு வந்து பூமியைச் சுற்ற விடுகிறீர்களே, அதற்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருகிறதோ!

"நடுவுல முட்டுக் கொடுத்துத் தள்ளணும். ஓரத்துல தள்ளினா கல்லு சுத்திக்கும்" என்று பாடம் நடத்தினீர்கள். அது உண்மையா என்று பார்க்க, இன்று அவள் பீரோவை ஓரத்தில் தள்ளினாள்.

உண்மைதான். பீரோ சுற்றிக்கொண்டு அறை வாசலில் குறுக்கே மாட்டி நிற்கிறது.

கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது.

பி.கு: பதறாதீங்க. விளையாட்டை நிறுத்தி வச்சுட்டுத்தான் தள்ளினேன், உங்க கல்லு எங்கயும் ஓடிப் போகலை. தனியா இழுத்து இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க. மதியம் லீவு சொல்லிட்டு வந்துடறேன், ரெண்டு பேருமா தள்ளுவோம்.

இன்னொண்ணு: கல்லுக்குப் பேர் வைக்கலாம்னு ஸ்கிரீன்ல இருந்துச்சு. என் பேரை வச்சுட்டேன். இனிமே அதுவும் உங்க பேச்சைக் கேக்காது.