நீ வருகிறாய் என்று எழுதிய பலகை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. உடம்பு எப்படி இருக்கிறது, அந்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கிப் பழக்கம், இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் நீ வேலையை விடப் போவதாகவும், வெளிநாட்டுப் பிள்ளைகளை ஊருக்குக் கூப்பிடுகிற தலைவரின் 'வீடு திரும்பும்' திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டதாகவும் போனில் சொன்னாயே, இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரை ராஜினாமாவைக் கொடுத்துவிடாதே. நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசினபோது நான் வெறும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன், உனக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அப்பாவுக்குக் கேட்டுவிடும், அவர் இப்போது கூடத்தில்தான் படுத்திருக்கிறார். ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பெண் நீ இருக்கிற ஊருக்கே வேலைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வருகிறார்கள் என்று டிவி நாள் முழுக்கச் சொல்கிறது, போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தலைவர் பதவிக்கு வந்த புதிதில் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பாதி விலை என்று அறிவித்தார், அது உனக்குத் தெரியும். கடைகளில் அந்த விலையைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார்கள், மாட்டின கொஞ்ச நாளில் சாமான் காணாமல் போய்விட்டது. நம் தெருமுனைக் கடைக்காரர், "போர்டுல இருக்கிற விலைக்கு போர்டைத்தான் கழட்டித் தர முடியும், வேணுமா?" என்று கேட்பார். எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் எல்லாச் சிகிச்சையும் இலவசம் என்று எழுதி விளக்குப் போட்டிருக்கிறார்கள், உள்ளே சலவைப் பிரிவில் எங்களுக்கு சோப்புத்தூள் வரவில்லை, ரத்தக் கறை படிந்த விரிப்புகளை வெறும் வெந்நீரில் அலசிப் போடுகிறோம். இதையெல்லாம் பார்த்து ஜனங்கள் சும்மா இருப்பார்களா, வரிசையில் நின்றாலும் பஸ்ஸில் ஏறினாலும் இதே பேச்சுதான். சலூன்காரர் இருக்கிறாரே, அவர் வாயைக் கட்டவே முடியாது. "மொட்டை அடிக்கிறதுல நான் சின்னப் பையன், தலைவர்தான் எனக்குத் தொழில்ல சீனியர்" என்று கத்தரியை ஆட்டிக்கொண்டே சொல்வார், கடை முழுக்கச் சிரிக்கும்.

சிரிக்காதவர் உன் அப்பா ஒருவர்தான். "கொஞ்சம் பொறுங்களேன், ஒரு மனுஷன் வந்த உடனே எல்லாத்தையும் நிமிர்த்திட முடியுமா?" என்பார். கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையை மறுபடி திறப்பேன் என்று தலைவர் சொன்னாரே, அந்த ஒரு வாக்குக்காக அப்பா மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார். வயசு முழுக்க அங்கே கண்ணாடி உருக்குகிற உலைக்கு முன்னால் நின்றவர், அது மூடினபோது வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நீ பார்த்திருக்கிறாய். ஆனால் உண்மைக் காரணம் அதுகூட இல்லை. தொழிற்சாலை மூடினதால்தான் நீ வெளிநாடு போனாய் என்று அவர் மனசில் ஒரு கணக்கு. அது திறந்தால் நீ வந்துவிடுவாய். இதை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டபோது நானாகப் புரிந்துகொண்டேன். சலூன்காரரோடு இதற்காகவே ஒரு நாள் வாய்ச்சண்டை, "நீ உன் பிள்ளையைப் பக்கத்துல வச்சிருக்கே, உனக்கு எல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாதி முடி வெட்டினபடியே எழுந்து வந்துவிட்டார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மீதியை வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன்.

பிறகு திறப்பு விழா. தலைவரே வந்தார், பந்தல், பாட்டு, பழைய தொழிலாளிகளுக்கெல்லாம் புது நீலச் சட்டை. அப்பா தன் சட்டையை நான் இஸ்திரி போட்டது போதாதென்று தானும் ஒரு முறை போட்டுக்கொண்டு போனார். தலைவர் பொத்தானை அழுத்தினதும் உலைவாயில் செக்கச்செவேலென்று தீ தெரிந்ததாம், எல்லோரும் கைதட்டினார்களாம். அப்பாவும் கண்ணில் நீர் வழியக் கைதட்டினார், அதை டிவியில் நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஆறிக் கிடந்த உலை ஒரு பொத்தானில் சூடாகாதாம், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றவேண்டுமாம், இல்லாவிட்டால் செங்கல் வெடித்துவிடுமாம். அங்கே எரிந்தது விறகும் டீசலும். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது ரொம்பப் பின்னால். "தெரிஞ்சும் ஏன் கைதட்டினீங்க?" என்று கேட்டேன். "இன்னைக்குப் படத்துக்காக விறகு வைக்கிறாங்க, நாளைக்கு நிஜமாப் பத்தவைப்பாங்கன்னு நெனச்சேன். நெனைக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

கட்சி அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள், டிவியில் அழுதபடி கைதட்டின பெரியவர் யார் என்று தேடிக்கொண்டு. வெளிநாட்டில் பிள்ளை உண்டா என்று கேட்டார்கள். "ஒரே பொண்ணு. வந்தா நல்லா இருக்கும்" என்றார் அப்பா. இவ்வளவுதான் சொன்னார், நான் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் பஸ் நிலையத்தில் மூன்று மாடி உயரத்துக்குப் பலகை, தலைவர் முகம் ஒரு பக்கம், அப்பா முகம் ஒரு பக்கம், நடுவில் 'என் மகள் வீட்டுக்கு வருகிறாள்' என்று கொட்டை எழுத்து. இப்படி நான் சொல்லவே இல்லையே என்று அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. பஸ் நிலையம் பக்கம் வேலை இருக்கிறமாதிரி அடிக்கடி போய்வந்தார். அந்தப் பலகையைத்தான் நீயும் யாரோ அனுப்பிய படத்தில் பார்த்துவிட்டு, "அப்பா இவ்வளவு ஆசைப்படுறாரேம்மா" என்றாய்.

நீ மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. தையல் அத்தை மகன், உன்னோடு பள்ளிக்குப் போவானே, நீ நெட்டை என்று கூப்பிடுவாயே, அவனும் பார்த்தான். தலைவர் சொன்னதை அவன் நம்பவில்லையாம், உன் அப்பாவை நம்பினானாம். வெளிநாட்டில் கிடங்கு மேலாளராக நன்றாகத்தான் இருந்தான், வேலையை விட்டுவிட்டு மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்து தொழிற்சாலைக்குப் போனால் வாசலில் பூட்டு. காவலாளி, "இன்னும் உத்தரவு வரல தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திட்ட அலுவலகத்துக்குப் போனால் நாளை வா, அடுத்த வாரம் வா. திரும்பிப் போகலாம் என்றால் வேலையை விட்டு வந்ததோடு அந்த நாட்டில் வேலை செய்கிற அனுமதி ரத்தாம். இப்போது அவன் அம்மா தைக்கிற பைகளை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறான். போன வாரம் நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், அவ்வளவு உயரமான பிள்ளை கூனிக்கொண்டு நடக்கிறான்.

தையல் அத்தை ஒரு நாள் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் உட்காரவில்லை, கழுத்தில் அளவெடுக்கிற நாடா அப்படியே தொங்குகிறது. அப்பாவைப் பார்த்து, "அண்ணே, விழா அன்னைக்கு உலை முன்னால நின்னீங்களே, உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டாள். அவ்வளவுதான். அப்பா அவள் காலடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் போனபிறகு சாப்பிட வரவில்லை. உலையில் எரிந்தது என்ன என்று அப்போதுதான் என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனதும் அந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். தன் முகத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரிடமும், "மேலே இருக்கிறது நான்தான். அது பொய்ங்க. உலை எரியல. உங்க பிள்ளைகளை வரவழைச்சுடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். கண்டக்டர்கள் சிரித்தார்களாம். "இதை நாங்க அன்னைக்கே சொன்னோமே பெரியவரே, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று ஒருவன் கேட்டானாம். யாருக்குமே அது செய்தி இல்லை மகளே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஊரே ஒருவருக்கொருவர் கேலி பேசி மனசை ஆற்றிக்கொண்டது, இவர் மட்டும் நம்பினார், இவர் மட்டும் உடைந்தார். கொஞ்ச நேரத்தில் கட்சிப் பையன்கள் வந்திருக்கிறார்கள். முதலில் வீட்டுக்குப் போங்க ஐயா என்று மரியாதையாகத்தான் சொன்னார்களாம். இவர் நகரவில்லை. ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளினான், நடைபாதை விளிம்பில் கால் தவறி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினவர் நம் சலூன்காரர். ஆட்டோவில் அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார், சலவைப் பிரிவுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். 'நான் அப்பவே சொன்னேனே' என்று இன்றுவரை ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டுப் போகிறார், சோப்பு நுரையைத் துடைக்கும்போது அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

அறுவை செய்து ஒரு தகடு வைக்கவேண்டுமாம். இலவசம் என்று வாசலில் எழுதியிருப்பது உண்மைதான், தகடுதான் இல்லை, வெளிநாட்டுச் சரக்கு எதுவும் இப்போது வருவதில்லையாம். வார்டில் இடம் வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலை அசையாமல் கட்டி மணல் மூட்டை தொங்கவிட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். நீ போன் செய்தபோது தூங்குகிறார் என்றேனே, தூங்கவில்லை. வரப்போகிறேன் என்று நீ உரக்கச் சொன்னது போனைத் தாண்டி அவருக்கும் கேட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் எத்தனை நாளாகக் காதில் விழவேண்டும் என்று காத்திருந்த வார்த்தை அது.

இதைப் படித்ததும் உடனே கிளம்பத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். கிளம்பாதே. நீ இங்கே வந்தால் உன் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் அழுகிறவர்கள் இரண்டு பேராவோம், அவ்வளவுதான். நீ அங்கே இருந்தால் அந்தத் தகட்டுக்கு ஒரு வழி பிறக்கும். பெற்ற வயிறு இப்படி ஒரு கணக்குப் போடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா. வெள்ளையடித்த உன் அறையைப் பெருக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் பெருக்குகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா விழித்துக்கொண்டார். "பாப்பாவுக்கா எழுதுறே?" என்று கேட்டார். ஆமாம், நீங்க என்ன சொல்லணும் என்றேன். "அப்பா நல்லா இருக்கேன்னு எழுது" என்றார். சரி என்று பேனாவைக் காகிதத்தில் வைக்கப் போனேன், அதற்குள் கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம், எழுதாதே. நான் சொன்னா அவ நம்பிடுவா."

டாக்டர் எழுதிக் கொடுத்த தகட்டின் பெயரையும் அளவையும் இத்துடன் வைத்திருக்கிறேன், நர்ஸ் பெண்ணையே கூட்டிக்கொண்டு போய் விசாரி, அவளுக்கு விவரம் புரியும். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது, முதல் இரண்டு நாள் உன்னோடு தங்க வைத்துக்கொள். இருமலை அலட்சியம் செய்யாதே. நீ நீண்ட ஆயுளோடு, உன் கால்களில் நீ நின்று, யார் சொல்லையும் நாலு முறை யோசித்து நம்புகிறவளாக நன்றாக இருக்கவேண்டும்.

உன்னை வராதே என்று எழுத நேர்ந்த
உன் அம்மா