சாம்பிராணியும் உப்புநீர்த் தொட்டியும்

வெள்ளிக்கிழமை, இரவு

உப்புநீர் மீன் தொட்டிக்குச் சாமான் வாங்கப் போனோம். இருந்த பணத்துக்கு அந்த நீல விளக்கை வாங்கத்தான் எனக்கு ஆசை. கடைக்கார அம்மா விடவில்லை.

"அது பவளம் வளக்கிறவங்களுக்குப்பா. ரெண்டு மீனுக்கு சாதா லைட்டு போதும். நல்ல ஏர் பம்பும் உப்பு பாக்கிற மீட்டரும் வாங்கிக்கினு போ. பம்பு கிட்ட மட்டும் புகை ஆவாது, தண்ணிக்குள்ள இழுத்துடும்."

அவர் சொன்னதையே வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன். தொட்டியே வேண்டாமென்று சண்டை போட்டிருந்த என் மனைவி மலர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் பம்பை ஓடவிட்டேன். விளக்கேற்றும் நேரம். சாம்பிராணியை எப்படி வேண்டாமென்பது என்று நான் விழிப்பதற்குள், மலர் தூபக்காலோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

"சாமிக்கு இங்கருந்து காட்டினாலும் போய்ச் சேரும். மீனு பாவம், எங்க போவும்?"

மீன் இன்னும் வாங்கவே இல்லை.