யாரைக் கேட்டாய், நைனா?

குப்பம்
12-7-2024

என் கோமளாவுக்கு நைனா எல்லப்பன் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. இப்போது கை வந்திருக்கிறது. ரேஷன் கடைக்குப் பின்னால் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. சரண்யா டீச்சர் சொல்லித் தருகிறாள். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. மூன்று நாள் ஆனது. பேனாவைப் பிடித்தாலே சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

ஒரு யோசனை வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் ஜெயம்மா உட்காருகிறாள். புருஷன் இல்லாதவள். ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கிறவள். "சோறு துன்னியா" என்று அவள் கேட்டால் போதும், பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறேன். படகு கவிழ்ந்து ஒரு பகல் முழுக்கக் கடலில் மிதந்தேனே, அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை. உன் அம்மாவுக்குப் பிறகு இன்னொருத்தியைப் பிடித்துப்போய், அவளும் இல்லாமல் போனால் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

இந்த விஷயத்தில் நம் வீட்டில் பயப்படாமல் நின்றவள் நீ ஒருத்திதான். அதனால் கேட்கிறேன். நான் என்ன செய்ய?

நைனா

மீஞ்சூர்
19-7-2024

நைனா,

ஒன்பது வருஷத்தில் முதல் கடிதம். ஆசையாகப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் உன் காதலுக்கு யோசனை.

நான் ஹேமந்தைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது என்ன சொன்னாய்? "இறால் தடவுற சனம். ஏரியில முறை வெச்சு வலை போட நமக்குப் பாடு இருக்கு, அவனுக்கு இன்னா இருக்கு" என்றாய். ஊர்க்கூட்டத்தில் எழுந்து "எனக்குப் பொண்ணே இல்ல" என்றாய். இப்போது அதே சனத்துப் பெண் உனக்கு இனிக்கிறாளா? இல்லாத பெண்ணிடம் யோசனை கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா?

கேட்டுவிட்டாய், ஒன்று சொல்கிறேன். அதே கூட்டத்தில் எழுந்து, செய்தது தப்பு என்று சொல். பிறகு யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

கோமளா

குப்பம்
29-7-2024

கோமளா கண்ணு,

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்குத் திட்டு மெதுவாக இறங்குகிறது. நாலு தடவை படித்தேன். ஆனாலும் நீ எழுதினாய், எனக்கு அது போதும்.

கூட்டத்தில் சொன்னால், ஏரியில் வலை போடும் பாடு முறையிலிருந்து என் பேரை எடுத்துவிடுவார்கள். தலைவர் மூர்த்தியை உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் ஜெயம்மாவோடு பேச்சு மட்டும் என்று இருந்துவிட்டால் என்ன?

நைனா

மீஞ்சூர்
3-8-2024

நைனா,

ஊருக்குத் தெரியாமல் என்றால் அவளை எங்கே வைப்பாய்? வலைக்கு அடியிலா? என் கையைப் பிடித்துக்கொண்டு உன் எதிரில் நின்றபோது ஹேமந்துக்கு இருபத்து நாலு வயது. உனக்கு இப்போது அறுபத்தேழு. கூட்டத்தில் பேசாமல் இனி எனக்கு எழுதாதே.

கோமளா

குப்பம்
20-8-2024

கோமளா கண்ணு,

பேசிவிட்டேன். "கோமளா என் பொண்ணு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இப்ப நான் ஜெயம்மாவைக் கட்டிக்கப் போறேன்" என்றேன். மூர்த்தி, "கெய்வனுக்குக் கிறுக்கு புட்ச்சிக்கிச்சி. பாடு முறையிலேர்ந்து பேரை எடுங்கப்பா" என்றான். எடுத்துவிட்டார்கள்.

நான் சந்தோஷமாக ஜெயம்மா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. இறால் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள். "யோவ், ஊரையே கேட்டியே, என்னைக் கேட்டியா? நான் இன்னா உங்க பாடா, கூட்டம் போட்டுப் பிரிச்சுக்க?" என்றாள். உன் வாழ்க்கையையும் நான் அப்படித்தான் கூட்டத்தில் வைத்தேன்.

அப்புறம் அங்கேயே நின்று, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று அவளையே கேட்டேன். "உன் பொண்ணு வரட்டும். நீ எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அவ வாயால கேட்டுட்டு சொல்றேன்" என்றாள்.

பயமாக இருக்கிறது. நீ வருவாயா?

நைனா

மீஞ்சூர்
27-8-2024

நைனா,

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வருகிறோம். என் கோபம் தீரவில்லை. தீர்ந்தது என்று நினைத்துக் கோழி எதுவும் அடித்து வைக்காதே.

ஜெயம்மாவிடம் எதையும் மறைக்க மாட்டேன். கூட்டத்தில் நீ முதலில் சொன்னதைச் சொல்வேன். இப்போது சொன்னதையும் சொல்வேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது இருபது நாள் கடலுக்குப் போகாமல் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அதையும் சொல்வேன். உண்மை என்பதால் சொல்வேன், உனக்காக இல்லை.

நான் பேசி முடிக்கும்வரை நீ அங்கே இருக்கக் கூடாது. எங்களோடு உன் பேத்தி வருகிறாள். எட்டு வயது. அவளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. அவளையே கேள்.

கோமளா