கீழே இறங்கிய அடுக்கு

மார்ச் 4, செவ்வாய்
நேரங்கெட்ட நேரத்தில் உன்னைத் திறக்கிறேன், மன்னித்துக்கொள். குட்டிக்கு இப்போதுதான் காய்ச்சல் இறங்கித் தூங்குகிறாள்.

ஆய்வகத்தில் இன்று கூட வேலை செய்யும் கோந்துக்குப் பதிலாக அவள் வேலையை நான் பார்த்தேன். பிடித்த வேலையை விடமாட்டாள், அதனால் அவள் கோந்து. மூன்று மாதமாகப் பறித்து, அடுப்பில் உலர்த்திச் சேர்த்த இலை. அதன் சாற்றிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரிக்க வேண்டும். “பல் உயிரை எடுக்குதுடி, டாக்டர்கிட்ட போறேன். குலுக்கிப் பிரிச்சு வை, போதும்” என்றாள்.

சரக்கை இழுத்துக்கொள்ள வழக்கமாக ஊற்றும் ஈதர் தீர்ந்திருந்தது. அதற்குப் பதில் குளோரோஃபார்மை ஊற்றிக் குலுக்கினேன். பிரிபுனலில் இரண்டு அடுக்காகத் தெளிந்துகொண்டிருக்கும்போது குட்டியை விட்டுவரும் குழந்தைக் காப்பகத்திலிருந்து போன்: “குழந்தைக்கு உடம்பு கொதிக்குதுங்க.” அடியில் இருந்ததைக் கழிவுப் புட்டியில் இறக்கினேன், மேலே இருந்ததைக் குடுவையில் வைத்துவிட்டு ஓடினேன்.

மார்ச் 5
குடுவையை ஆவியாக்க வைத்தேன். அரை மணியில் முடிய வேண்டியது. மூன்று மணி நேரமாகியும் முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது — நான் பத்திரப்படுத்தியது வெறும் தண்ணீர்!

தண்ணீரின் மேல் ஈதர் மிதக்கும், குளோரோஃபார்ம் சரக்கோடு அடியில் மூழ்கும். முதலாண்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எப்போதும் ஈதர்தானே என்று கை தானாகவே அடியைத் திறந்துவிட்டது. சரக்கு மொத்தமும் கழிவில்.

புட்டி புதிது, வேறெதுவும் கலக்கவில்லை. எடுத்து ஆவியாக்கினால் போதும். ஆனால் காலையிலேயே கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திறக்க, துறைத் தலைவரிடம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து வந்த அன்றே அவர் சொன்னார்: “கைக்குழந்தைக்காரி, கவனம் ரெண்டாப் போகும். பார்ப்போம்.” எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

வெள்ளிக்கிழமை கழிவு வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

மார்ச் 6
குடுவையில் மிஞ்சிய பிசினைக் கோந்து சோதித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. “அடுப்புச் சூட்டுலயே சரக்கு அழிஞ்சிருக்கும்டி. நிழல்ல காய வச்சிருக்கணும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்றாள்.

“அப்படியா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நாளைக்குக் காலைல போனதும் சொல்லிடு. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?” என்றார்.

மார்ச் 7
வண்டி வந்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21
கோந்துக்கு வேலை ஒப்பந்த நீட்டிப்பு இல்லை. இலையை வீணாக்கியவள் என்று கோப்பில் எழுதியாகிவிட்டது. அவளும் மறுக்கவில்லை. மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “குட்டிக்கு உடம்பு தேவலையா?”

நான் என்ன மனுஷி? ச்சே.

ஏப்ரல் 30
எனக்கு வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் கடிதத்தை மடித்து உன் கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டேன்.

ஜூன் 12
தலைவரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதைச் சொல்ல மூணு மாசமா?” என்றார். கத்தியிருந்தால் தேவலை. இனி எனக்குப் பதிவேட்டு வேலை மட்டும். புனலைத் தொடக் கூடாது.

கோந்துக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“உன் அடுப்பு மேல தப்பில்லை. சரக்கு இருந்த கீழ் அடுக்கைக் கழிவுல கொட்டினது நான். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது கிடங்குல பத்திரமா இருந்தது. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். கோப்பைத் திருத்தியாச்சு, நீ வந்தா உன் வேலை உனக்கேன்னு தலைவர் எழுதிக் கொடுத்ததை இதோட வச்சிருக்கேன். நீ இலை பறிச்ச செடி மறுபடி துளிர்த்திருக்கு. என் முகத்துல முழிக்கப் பிடிக்கலைன்னா அந்த அறைப் பக்கமே வரமாட்டேன். வர்றியா இல்லையான்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். எனக்குப் பதில் போட வேண்டாம், தலைவருக்காவது சீக்கிரம் போடு.”