கேட்காமல் ஓடிய புரோகிராம்

மாமல்லபுரம்,
18-8-78

அன்புள்ள மாமாவுக்கு,

வச்சலா எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் சுகம். பம்பாயில் மழை இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகாதீர்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டு, படாளத்தில் கொண்டுபோய் விட்டுவந்தேன். வலி குறைந்திருக்கிறது. நாற்று விட்டாகிவிட்டது என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்கள்.

இனி எங்கள் ஆய்வு நிலையத்துச் செய்தி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ சுற்றி வருகிறேன்.

அலை அளவுக் கணக்கை விடிவதற்குள் கம்ப்யூட்டரில் முடித்து சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இரவு டியூட்டியில் இருக்கும் மாயவன்தான் என் புரோகிராமை ஓட்டுவார். ஏதாவது கோளாறு என்றால் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும். பாப்பாவைத் தூக்கத்திலேயே பக்கத்து வீட்டில் கிடத்திவிட்டு ஓடுவேன். ஒரு நாள் அவள் விழித்துக்கொண்டு, என்னைத் தேடித் தெருவில் வந்து நின்றதை எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் புரோகிராம் குறித்த நேரத்தில் தானே தொடங்கி, கோளாறு வந்தாலும் தானே சமாளித்து முடிக்கும்படி மாற்றி எழுதினேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அளவுகளைப் பதிந்துவைக்கும் டேப் ஒன்றில் இருப்பதை அழித்துவிட்டு எழுதுவதற்கு முன்னால், அழிக்கலாமா என்று மிஷின் கேட்கும். ஆள் இருந்து சரி என்று அடிக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும். அதனால் எங்கள் பிரிவுத் தலைவர் கோபாலகிருஷ்ணன் சார், தன் பெயரில் இருக்கும் முழு அதிகாரத்தையும் என் புரோகிராமுக்குக் கொடுத்தார். அந்த அதிகாரத்தோடு ஓடினால் அது யாரையும் எதுவும் கேட்காது.

நன்றாகத்தான் ஓடியது. ஜீப் வரவில்லை. பாப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை தூங்கினாள். பம்பாய் தலைமை ஆபீசிலும் இதே ஏற்பாட்டைச் செய்துவைக்க என்னை மாற்றலில் அனுப்புவதாக சார் சொன்னார். நீங்களும் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

அப்புறம் நடந்ததை நான் எழுதவில்லை. போன மாதக் கடைசியில், மாயவன் பெண்ஜாதி பூவாயி வழக்கம்போல் மீன் கொண்டுவந்தாள். உட்கார்ந்து செதில் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "எங்க வூட்டுக்காரர வர்ற மாசத்துலேர்ந்து வேணாம்னு சொல்லிட்டாங்களாமே, நெசமா? மிஷினு தானே ஓடுதாம். இவுரு இன்னா தப்பு பண்ணாரு? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறாரு." எனக்கு அதுவரை தெரியாது, மாமா. விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்குக் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

சாரிடம் கேட்டேன். இரவில் செய்ய வேலை இல்லாதபோது தற்காலிக ஆள் எதற்கு என்றார். வேலையை இல்லாமல் ஆக்கியது நான்தானே.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. மாயவனுக்கு வார விடுமுறை; மிஷின் தானே ஓடுவதால் மாற்று ஆளும் போடவில்லை. எங்கள் பிரிவு சம்பத், போன வருஷத்துப் புயல் நாட்களின் அளவுகளை வைத்திருந்த டேப்பை, மாலையில் மிஷினிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். விடியற்காலையில் என் புரோகிராம் தானே எழுந்து, அந்த டேப்பின் மேலேயே எழுதிவிட்டது. முன்போல் கேட்டிருந்தால், டியூட்டியில் இருக்கும் ஆள் லேபிளைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பார். சம்பத் என்னைத் திட்டவில்லை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரையாவது ஒரு தரம் கேட்டிருக்கலாமே, மேடம்" என்றார். நல்லவேளையாக அந்த அளவுகளைத் துளையிட்டு வைத்திருந்த பழைய கார்டுகள் இருந்தன. எல்லோரும் உட்கார்ந்து மறுபடியும் ஏற்றினோம்.

மாலையில் டேப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டால் போதும் என்பது சாரின் எண்ணம். ஆள் துணை இல்லாமல் ஓட்டுவதில் ஆபத்து இல்லை என்று பம்பாய்க்கு என்னை எழுதித் தரச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. புரோகிராம் தானே தொடங்கட்டும், ஆனால் முழு அதிகாரம் வேண்டாம், அழிக்கும் முன் கேட்கட்டும், பதில் சொல்ல ஆள் இருக்கட்டும் என்று சொன்னேன். ஆள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் அதற்குப் பம்பாய்வரை நீங்கள் எதற்கு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "உங்கள் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கிறார், ராத்திரி யோசித்துப் பாருங்கள்" என்றும் சொன்னார்.

மறுநாள் எனக்குத் தோன்றியதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மாயவனை நிறுத்தும் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். என் மாற்றல் இந்த வருஷம் இல்லை. மாயவனுக்காகத்தான் செய்தேன் என்று ஆபீசில் பேசுகிறார்கள். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, சம்பத்தின் முகம்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டேன். கடிதம் போட்டுப் பதில் வரும்வரை சார் பொறுத்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். பொறுத்திருப்பாரோ என்னவோ, நான் கேட்டுப் பார்க்கவில்லை. பார்த்துவைத்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாப்பா பம்பாய் போகப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களே அவள் பேருக்குத் தனியாக ஒரு கார்டு போடுங்கள். எழுத்துக் கூட்டி அவளே படித்துக்கொள்வாள், பெரிய எழுத்தாக எழுதுங்கள். எனக்கு, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று மட்டும் எழுதினால் போதும். கோபம் இருந்தாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வச்சலா