நூற்று அறுபத்தொன்றாம் பக்கம்

குன்னம்
ஐப்பசி 20

அன்பு மகள் மேகலாவுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், குவாஹாட்டியில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்து கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது, ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. மூன்று நாளாக எழுதுகிறேன், நடுவில் பேனா தீர்ந்துபோனதால் பாதி நீலம், பாதி கறுப்பு. போனில் சொன்னால் ஐந்து நிமிஷம்தான், ஆனால் இந்த விஷயத்தை எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கொல்லையில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது, குருத்தில் புழு இருக்கிறது, மருந்து அடித்தாயிற்று. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தைத் தனக்குக் கொஞ்சமும் அக்கம்பக்கத்துக்கு நிறையவும் தேய்த்துவிட்டாள், இன்னொன்று அனுப்பு. நீ பேங்க் வேலை என்று மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிடுவதாக மாப்பிள்ளை சொன்னார், அது வேண்டாம் மேகலா, வயிறு கெட்டுப்போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் நம் நூலகத்து வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன் அல்லவா, ஆனி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே நாவலைத்தான் படிக்கிறோம். எது என்று உனக்குத் தெரியும். நீ திருச்சியில் படிக்கும்போது லீவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாயே, தலையணை உயரத்துக்கு, அதேதான். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய், என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா என்றாய். நீ தப்பாகச் சொல்லவில்லை, அப்போது எனக்கு என் பெயரே எழுதத் தெரியாது. ஆனால் அந்த இடத்தை ஒருநாள் நானே படிக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். இந்த வட்டத்தில் நான் சேர்ந்ததே அதற்காகத்தான்.

நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. பழசு, பைண்டிங் விட்டுப்போய் டவுனில் யாரிடமோ கொடுத்துத் தைத்து வாங்கியது. நூலகர் ஜோதி வாராவாரம் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பாள். அந்த மங்கல் எழுத்து என் கண்ணுக்குத் தெரியாததால் புத்தகத்தையே என்னிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொண்டுவரச் சொன்னாள். அவர்கள் முந்நூற்று ஐம்பது பக்கம் போய்விட்டார்கள், நான் ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் போகிறேன். எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. புயலில் செத்துப்போன படகுக்காரன் கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்து மோர் குடிக்கிறான். தையல்கடை செல்லக்கண்ணு, செத்தவன் எப்படி சார் மோர் குடிப்பான் என்று கேட்டாள். தமிழழகன் சார் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர், அது ஆசிரியர் காலத்தைக் கலைத்துப்போடும் உத்தி, மேலோட்டமாகப் படித்தால் பிடிபடாது என்று இரண்டு வாரம் விளக்கினார். பிறகு அவருக்கே அலுத்துவிட்டது. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, இந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு எடுக்கலாம், இதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றார். எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும், சார், எனக்கு ஒரு வாரம் கொடுங்க என்று கேட்டேன். ஒரு வாரத்தில் என்ன ஆகப்போகிறது பூமாலை என்று சிரித்தார், ஆனாலும் சரி என்றார்.

புதன்கிழமை நூற்று அறுபதாம் பக்கத்தை முடித்துத் திருப்பினேன். அடுத்த பக்கத்தின் மேல் இருநூற்று இருபத்தைந்து என்று இருக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபத்திரண்டு வருஷம் டோக்கன் நம்பர் பார்த்து லாரியை வரிசையில் விட்டவன் நான், எழுத்து தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும். நூற்று அறுபதுக்குப் பின்னால் இருநூற்று இருபத்தைந்து வந்து நின்றால் என் கண் விடுமா? தேடிப் பார்த்தால் நூற்று அறுபத்தொன்று உள்ளே தள்ளி, இருநூற்று எண்பத்தெட்டுக்குப் பின்னால் நிற்கிறது. தைத்தவர் இரண்டு பக்கக் கட்டுகளை முன்பின்னாக வைத்துவிட்டார். ஜெராக்ஸில் ஓரம் வெட்டுப்பட்டு நம்பர் விழவில்லை, அதனால் அவர்கள் கண்ணில் படவில்லை. அம்மாவிடம் சொன்னேன். நேத்து எழுத்து கத்துக்கிட்டவன் வாத்தியாருக்குத் தப்பு கண்டுபிடிச்சானாம், பேசாம இரு, ஊரே சிரிக்கும் என்றாள். எனக்கும் பயம்தான், நான்கு தடவை எண்ணிப் பார்த்தேன். ஆனால் பேசாமல் இருந்தால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும், நீ அழுத இடம் எனக்குக் கிடைக்காது.

ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து, சார், வண்டி வரிசை மாறி நிக்குது என்றேன். யாருக்கும் புரியவில்லை. புத்தகத்தை விரித்து நம்பரைக் காட்டினேன். சார் முன்னும் பின்னும் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் புரட்டினார். அப்புறம், அடப்பாவிங்களா, ரெண்டு வாரமா நான் விளக்கினது பைண்டிங்காரரோட உத்தியா என்று சொல்லிச் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்லக்கண்ணு விடவில்லை, செத்தவன் மோர் குடிக்க முடியாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன், பெரிய படிப்பாளிங்க கேட்டீங்களா என்று பிடித்துக்கொண்டாள். ஜோதி அங்கேயே பென்சிலால் வரிசை குறித்தாள். புத்தகத்தைப் பாதியில் விடுவதில்லை என்று முடிவாயிற்று.

இதில் எனக்குச் சந்தோஷம் என்ன தெரியுமா, எல்லோரும் நூற்று அறுபத்தொன்றிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். நான் ஓடிப்போய் அவர்களைப் பிடிக்கவில்லை, அவர்களே நான் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். முதல் பக்கத்தை நீங்கதான் வாசிக்கணும் என்று சார் சொன்னார். வாசித்தேன். ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கத்துக்குப் போகிறது, அரை மணி நேரம் ஆயிற்று, யாரும் எழுந்து போகவில்லை. வரிசையைச் சரி செய்தாலும் புத்தகம் கஷ்டம்தான் மேகலா, அதில் மாற்றம் இல்லை. ஆனால் இனி யாரும் என்னை நிறுத்த முடியாது. இன்னும் தொள்ளாயிரம் பக்கம் இருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அழுத இடம் எது என்று போனில் சொல்லிவிடாதே, அம்மா கேட்டாலும் சொல்லாதே. நானே வந்து சேர்கிறேன். வந்ததும் பக்க நம்பரை மட்டும் எழுதி அனுப்புகிறேன், அதுதானா என்று நீ பதில் எழுது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் இருங்கள். தைலத்தை மறக்காதே. வரும் ஞாயிறு எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும் உன் அப்பா
செ. பூமாலை